முனகிய வரி

சரகோசா, 2 அக்டோபர் 1978

அன்புள்ள ரெமெதியோஸ் அக்காவுக்கு,

நலந்தானே? வசந்தத்தில் அம்மா போனதிலிருந்து நீ எழுதுவதே அருகிவிட்டது. பிலார் மாதா திருவிழாவுக்குக் காளைச்சண்டை அரங்கில் பாடுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன் மத்ரித் தணிக்கை அலுவலகத்துக்கு என் பாட்டை நீதான் தட்டச்சு செய்து கொண்டுபோனாய். ஒரு வரி சிவப்புப் பென்சிலால் அடிபட்டுத் திரும்பியது. வேறு வரி எழுத மாட்டேன் என்று அந்த இடத்தை முனகிப் பாடினேன். அந்த முனகல்தான் என்னைப் பெரிய பாடகனாக்கியது. தணிக்கைக்காரனைக் கிண்டல் செய்ய ஊரே சேர்ந்து முனகியது.

சர்வாதிகாரி செத்துவிட்டான், இப்போது தணிக்கை இல்லை. முழுவரியையும் பாடப்போகிறேன்: 'அப்பாவைக் காட்டிக்கொடுத்தவன் ரொட்டிக்கார எவாரிஸ்தோ.' கிழவன் உயிரோடு இருக்கும்போதே கேட்கட்டும்.

உன் தம்பி,
தாமியான்

மத்ரித், 5 அக்டோபர்

அன்புத் தம்பிக்கு,

அந்த வரியைப் பாடாதே. தணிக்கைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. சிவப்புப் பென்சில் என்னுடையது.

சர்வாதிகாரியின் ஆட்களுக்குத் தப்பி அப்பா தலைமறைவாக இருந்தபோது எனக்குப் பதினொரு வயது, நீ கைக்குழந்தை. காவலர்கள் உன்னைத் தொட்டிலிலிருந்து தூக்கிக் கிணற்றுக்கு மேலே பிடித்தார்கள். "எங்கடி உன் புருஷன்?" என்றான் ஒருவன். "மலைமேல, ஆட்டுப்பட்டியில" என்றாள் அம்மா. அங்கே போய்த்தான் அப்பாவைப் பிடித்தார்கள்.

அப்பாவுக்கு ரகசியமாக ரொட்டி கொண்டுபோனவர் எவாரிஸ்தோ. அதனால் ஊர் அவர்மேல் பழியைப் போட்டது. ஒருவரும் ரொட்டி வாங்கவில்லை, கடையை மூடிவிட்டார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவள் போனபிறகும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. என்னை வெறுத்தாலும் சரி, பாடிவிடாதே.

ரெமெதியோஸ்

சரகோசா, 15 அக்டோபர்

அக்கா,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பக்கத்தில் நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. எட்டு வருடமாக ஒரு பொய்யைத்தான் முனகிக்கொண்டிருந்திருக்கிறேன். உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை.

அரங்கில் வழக்கம்போல முனகினேன். மறுநாள் ஊருக்குப் போய் எவாரிஸ்தோ வீட்டுக் கதவைத் தட்டினேன். "வாப்பா, பாட்டுக்காரா" என்று உள்ளே கூப்பிட்டு, மேசையில் ரொட்டியும் பன்றித் தொடைக்கறியும் வைத்தார்.

"உன் பாட்டு முழுக்க எனக்கு மனப்பாடம். அந்த முனகுற எடத்துல மட்டும் என்னப்பா வரும்?" என்று கேட்டார்.

"மறந்துபோச்சு பெரியவரே" என்றேன்.

"ஞாபகம் வந்தா சொல்லு" என்று ரொட்டியை நறுக்கினார்.

வழக்கம்போலக் கிறிஸ்துமஸுக்கு வரலாம் என்று காத்திருக்காதே. அடுத்த ரயிலிலேயே வா. என்னால் தனியாக அவரிடம் உண்மையைச் சொல்ல முடியாது.

தாமியான்