சைபர் போட்ட வீடுகள்

அக்கா,

இன்று அலுவலக அலமாரியை ஒழித்தபோது உங்கள் கணக்கெடுப்புத் தாள்கள் ஒரு கட்டாகக் கிடைத்தன. ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. ‘குழாயில் தினம் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது?’ என்ற கேள்விக்கு எதிரே, பக்கத்துக்குப் பக்கம், நீங்கள் அழுத்திப் போட்ட சைபர். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஊர்களில் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியது நீங்கள். திருவண்ணாமலை அலுவலகத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான். ஆர் என்ற நிரல்மொழியை அப்போதுதான் கற்றிருந்தேன். அந்தத் திமிரும் இருந்தது. தண்ணீர் வரும் நேரத்தை மூன்று தொகுதிகளாகப் பிரிக்கச் சொன்னேன்: சைபரிலிருந்து ஒரு மணி வரை, ஒன்றிலிருந்து மூன்று வரை, அதற்கு மேல். ஆரம்ப எண்ணான சைபரையும் சேர்த்துக்கொள் என்று தனியாகச் சொல்லாவிட்டால் ஆர் அதைச் சேர்க்காது. நான் சொல்லவில்லை. ஒரு சொட்டுகூட வராத வீடுகள் எந்தத் தொகுதியிலும் விழாமல், ‘விவரம் இல்லை’ என்று ஒதுங்கிவிட்டன.

“இத்தினி வூட்டுக்கு ஏன்யா விவரம் இல்ல?” என்று மேலாளர் கேட்டார்.

“அக்கா எடுக்கல போல இருக்கு சார்” என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது.

மறுநாளே உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பையை மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தீர்கள்.

“தம்பி, காலனில ஒவ்வொரு கொழாயையும் நானே திருகிப் பாத்துட்டுதான் சைபர் போட்டேன். இன்னொரு வாட்டி நல்லா பாருப்பா.”

பார்த்தேன், நீங்கள் போன பிறகு. பத்து நிமிடத்தில் என் தப்பு புரிந்தது. அறிக்கை அதற்குள் மேலிடத்துக்குப் போயிருந்தது. எனக்கோ முதல் வேலை, கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். கோப்பை மூடிவிட்டேன். அறிக்கைப்படி தண்ணீரே வராத வீடு ஒன்றுகூட இல்லை. அதனால் அந்தக் காலனிக்குப் புதுக் குழாயும் போடவில்லை.

சில வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம். லாட்ஜில் பெருக்கித் துடைக்கும் வேலை என்றீர்கள். ஒரு குறையும் சொல்லாமல் என் குழந்தைக்கு என்ன பேர் என்று விசாரித்தீர்கள். பதில் சொல்லிக்கொண்டே, நான் போக வேண்டிய ஊருக்கே போகாத பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

உங்கள் காரியத்துக்கு வந்திருந்தேன். உங்கள் மகள் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

“அம்மா உங்களப் பத்தி சொல்லும் சார். ‘கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு, அதுக்கு அந்தத் தம்பி என்னா பண்ணும்’னு.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அக்கா.

“அவங்களுக்கு நல்ல மனசும்மா” என்றேன். அதைச் சொன்ன வாய் இன்றுவரை கசக்கிறது.