பேச்சு வரும் வேகம்

ஜூலை 4
டவுணில் பெண் டாக்டரைப் பார்த்தேன். வயது ஐம்பத்து மூன்று. மாதவிலக்கு நின்று சில வருஷம் ஆகிறது. எடை மெஷின் என்னைச் சுமந்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தது.

"இந்த வயசுல கொழுப்பு வயித்துலதான் வந்து உக்காரும்மா. ஓட வேண்டாம். பக்கத்துல வாறவங்ககிட்ட பேச முடியுத வேகத்துல, நிறைய நேரம் நடங்க. மூச்சு வாங்கிப் பேச்சு நின்னுபோச்சுன்னா உடம்பு சர்க்கரையைத்தான் அதிகம் எரிக்கும்."

பேசிக்கொண்டே நடக்க வேண்டுமாம்! பட்டிமன்ற மேடையில் பேசியே பெயர் வாங்கியவளுக்கு இப்படி ஒரு மருந்தா? சந்தோஷத்தில் வரும் வழியிலேயே அல்வா வாங்கிவிட்டேன்.

ஜூலை 7
துணைக்கு அடுத்த வீட்டு ஆசியா உம்மாள். என் வயது, என் சுற்றளவு. தச்சநல்லூர் வாய்க்கால் கரையில் நாங்கள் சேர்ந்து நடந்தால் எதிரே வருகிற சைக்கிள்காரர் இறங்கி நிற்கிறார். தெருவில் பாதி வீட்டை இன்று பேசி முடித்தோம். மீதி நாளைக்கு.

ஜூலை 18
ஆசியா இன்று சிரிக்காமல் ஒன்று சொன்னாள். அவள் வீட்டுக்காரர் துபாயில். அவர் ஊருக்கு வந்து மூன்று வருஷமாகிறது. மாதவிலக்கு நின்ற பிறகுதான் அவளுக்கு இந்த உடம்பு. வீடியோ காலில் போனை மேலே தூக்கிப் பிடித்து முகத்தை மட்டும் காட்டுகிறாளாம்.

"அடுத்த மாசம் வாராக. கழுத்துக்குக் கீழ நான் வேற பொம்பள, தனம். ஏர்போர்ட்ல என்னத் தாண்டிப் போயிருவாகளோன்னு பயமா இருக்கு. யார்ட்டயும் சொல்லிராத."

சொல்வேனா?

ஜூலை 29
வள்ளியூரில் கோயில் கொடை விழாவுக்குப் பட்டிமன்றம். எனக்கு முன்னால் பேசியவர் பந்தலையே தூங்க வைத்துவிட்டார். மைக்கைப் பிடித்ததும் நாக்கு தானாகப் புரண்டது.

"எங்க தெருவுல ஒருத்தி, துபாய்ப் புருஷனுக்கு வீடியோ கால்ல மூஞ்சிய மட்டும் காட்டுதா. அந்த மனுசன் ஊருக்கு வந்தா, 'நான் ஒருத்தியத்தான கட்டுனேன், கூட நிக்குத ரெண்டு பேரு யாரு'ன்னு கேக்கப் போறாரு!"

பந்தலே குலுங்கியது.

பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லவே இல்லையே.

ஜூலை 31
என் பேச்சில் அந்தத் துண்டு மட்டும் வீடியோவாக எல்லார் போனிலும் ஓடுகிறது.

ஆகஸ்ட் 1
ஆசியா நடக்க வரவில்லை. கதவைத் தட்டினேன். மகள் அஸீலா பாதிக் கதவைத்தான் திறந்தாள்.

"உம்மாவுக்கு முட்டு வலி, மாமி."

உள்ளே போனில் என் குரல். அப்புறம் அந்தச் சிரிப்புச் சத்தம். நின்றது. மறுபடியும் முதலிலிருந்து என் குரல்.

ஆகஸ்ட் 2
என் வீட்டுக்காரர் மகாராஜா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "உன் உடம்பச் சொன்னா ஊரு சிரிக்காதா? அவ உடம்பு எதுக்குட்டி ஒனக்கு?"

மோர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போய்விட்டேன். மேடைப் பேச்சுக்காரி!

என் சதையச் சொன்னா எனக்கு வலிக்கும்லா, அதான். பட்டிமன்ற நோட்டீஸ்ல மட்டும் என் படம் எதுவரைக்கும் இருக்கு? கழுத்தோட வெட்டச் சொன்னது யாரு? நான்தான. சீ.

ஆகஸ்ட் 5
தனியாக நடந்தேன். யாராவது நிறுத்தி, "வள்ளியூர்ப் பேச்சு பிரமாதம்" என்று சொல்லிவிடக் கூடாதே என்று வேகமாக. மூச்சு இரைத்தது. டாக்டர் சொன்னபடி பார்த்தால் கொழுப்பு பெரிதாக அசைந்திருக்காது.

ஆகஸ்ட் 9
அவள் வாசலில் போய் நின்றேன். "தப்புதான் ஆசியா" என்றேன்.

"அவுகளுக்கும் துபாய்க்கு யாரோ அனுப்பிட்டாக" என்றாள். கதவைப் பையத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் 14
ஆசியா வீட்டுக்காரர் வந்துவிட்டார். கார் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போகவில்லை. நான்!

ஆகஸ்ட் 23
கரையில் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போனேன். பின்னால் குரல்.

"ஏட்டி, பைய நட. இப்படி இரைச்சா என்னத்தக் கரையும்?"

ஆசியா. நான் வாயைத் திறந்தேன்.

"நீ பேசாத. இன்னைக்கு நான் பேசுதேன். கேட்டுக்கிட்டே வா."

ஏர்போர்ட்டில் அவளைப் பார்த்ததும் அவர் என்ன சொன்னார் என்று சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

இத்தனை வருஷ மேடையில் இதைவிட நல்ல விஷயம் எனக்குக் கிடைத்ததில்லை.

இங்கேயும் எழுதவில்லை.