வடகரைக் கூற்றத்தில் காது கேளாதார் இலர் என்று எழுதியவனின் ஓலை

திரு ஓங்குக, மழை பொழிக, ஆவிரை நாட்டு ஒன்பது கூற்றத்தும் அறம் தழைக்க.

ஆவிரம்பூ முடியும் வெண்சங்கக் கொடியும் உடைய கோ இளவெயினப் பெருமானுக்கு யாண்டு பதினொன்றாவது, ஆனித் திங்கள் பதினேழாம் நாள். ஆவிரங்கோட்டை மாநகரில், கோயிலும் சத்திரமும் பள்ளியும் மருத்துவச் சாலையும் தம் கைச்சாத்தால் வாழ வீற்றிருக்கும் அறப்புறப் பேரமைச்சர் நம்பி அரையனார் திருமுன்பு, வடகரைக் கூற்றத்துப் பள்ளிக் கண்காணி எயிலூர் மருதன் சேந்தன் நிலம் தோய வணங்கி எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். தங்கள் குடி நலமே வாழ்க. தங்கள் நகரின் நான்கு வாயிலும் அடையாதிருக்க.

முதற்கண், இவ்வோலை எழுதத் துணிந்த பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறேன். கண்காணியாய் அமர்ந்து பத்துத் திங்களே ஆகின்றன. இதுகாறும் பேரேடுகளை அனுப்பியதன்றி, என் சொல்லாக ஓர் ஓலையும் தங்கள் திருக்கண்முன் வைத்ததில்லை. கேட்ட எண்ணைச் சொல்வது என் கடமை. கேளாததைச் சொல்வது என் நிலைக்கு மீறியது. அவ்வரம்பை அடியேன் நன்கு கற்றவன். கற்றதனால் விளைந்ததையே கீழே எழுதுகிறேன்.

சென்ற திங்கள் தங்கள் திருமுகம் வரப்பெற்றேன். வடகரைக் கூற்றத்தில் முன்னாண்டு காது கேளாப் பிள்ளைகள் பதினறுவர் இருந்தனர் என்றும், இவ்வாண்டுப் பேரேட்டில் ஒருவரும் இலர் என்றும், ஓராண்டுக்குள் இத்துணைப் பேர் நலம் பெற்றது பெருமானின் அறத்தினால் அன்றி வேறெதனாலும் ஆகாது என அவை மகிழ்ந்தது என்றும், எம்மருந்தால் இது நிகழ்ந்தது என அடியேன் தெரிவித்தால் நொச்சியாறூரில் கல் நட்டு அதனை வெட்டுவிக்கலாம் என்றும் அத்திருமுகத்தில் கண்டிருந்தது. அதனைத் தலைமேற் கொண்டேன். ஆயினும் அதற்கு விடையாக எழுதத்தக்க மருந்து ஒன்றும் என்னிடம் இல்லை. அப்பிள்ளைகளுள் ஒருவரும் நலம் பெறவில்லை. பேரேட்டில் அவர்களை இல்லாமற் செய்தது என் எழுத்தாணி.

அது நிகழ்ந்தவாறு இது.

நொச்சியாறூரில் பெருமானின் அன்னையார் நிறுவிய அருந்துணைப் பள்ளியில், கண் காணாதார் பதினால்வர், காது கேளாதார் பதினறுவர், கைகால் விறைத்து நா தளர்ந்தார் அறுவர், அறிவு மெல்ல மலர்வார் ஐவர், ஆக நாற்பத்தொரு பிள்ளைகள் பயின்று வந்தனர். எழினியாள் என்னும் தலைமையாசிரியையும் அவருக்குத் துணையாக மூன்று ஆசிரியரும் இருந்தனர். காது கேளாதார்க்குக் கையால் பேசும் மொழியை எழினியார் இருபதாண்டு உழைத்து அமைத்திருந்தார். ஆண்டுதோறும் தைத் திங்களில் கண்காணி சென்று தலை எண்ணி எழுதுவதும், அவ்வெண்ணின்படி நெல்லும் துணியும் ஆசிரியர் வாழ்வூதியமும் அரசினின்று வருவதும், இருபதுக்குக் குறைந்தால் அது பள்ளி அன்று என நீங்குவதும் வழக்கம் என்பது தாங்கள் அறிந்ததே.

முன்னாண்டு தென்கரையில் ஒரு பள்ளித் தலைவன், இறந்த பிள்ளைகளின் பெயரை ஏட்டிலேயே வைத்திருந்து, கணக்கெடுக்கும் நாளில் உறவினர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு அப்பெயர்களுக்குக் குரல் கொடுப்பித்தான். அக்களவு வெளிப்பட்டபின் தங்கள் திருவாணை பிறந்தது: பெயர் அழைத்ததும் அப்பிள்ளை தன் வாயால் உள்ளேன் என்று சொல்லவேண்டும், கண்காணி மூன்று முறை விரல் நொடிக்குமுன் சொல்லாதது இல்லாத பிள்ளை, ஒருவன் பெயருக்கு வேறொருவன் குரல் கொடுத்தால் இருவர் பெயரும் நீங்கும். நல்ல ஆணை. அதனைக் குறை சொல்ல அடியேன் எழுதவில்லை. அது வகுக்கப்பட்டபோது நொச்சியாறூர் ஒருவர் நினைவிலும் இருக்கவில்லை என்பதை மட்டும் மிகுந்த பணிவுடன் தெரிவிக்கிறேன்.

தை ஒன்பதாம் நாள் அடியேன் சென்றேன். ஆணையை முன்னரே அறிந்த எழினியார் நாற்பது நாளாகப் பிள்ளைகளைப் பழக்கியிருந்தார். அவர்களுள் தத்தன் என்பவன் பன்னிரண்டு வயதினன். அறிவு மெல்ல மலர்பவன். அதுவரை ஒரு சொல்லும் முழுதாகச் சொல்லாதவன். அவன் உள்ளேன் என்னும் சொல்லைக் கற்றுவிட்டான். தலைப்பாகை அணிந்த ஒருவர் ஏடு பார்த்துப் பெயர் சொன்னால் அதனைச் சொல்லவேண்டும் என்பதை உணர்ந்துகொண்டான். தன் பெயருக்கு மட்டுமே சொல்லவேண்டும் என்பது அவனுக்கு எட்டவில்லை. முதற்பெயரை அழைத்தேன். கண் காணாத அப்பிள்ளையும் தத்தனும் ஒருங்கே உள்ளேன் என்றனர். இரண்டாம் பெயருக்கும் அவ்வாறே. மூன்றாம் பெயருக்கு அவன் எழுந்து நின்று சொன்னான். அம்மூவர் பெயரையும் அவன் பெயரையும் ஆணைப்படி நீக்கினேன். அவனை வெளியே நிறுத்தும்படி சொன்னேன். சுவருக்கு அப்பாலும் ஒவ்வொரு பெயருக்கும் அவன் குரல் வந்துகொண்டிருந்தது. அதனைக் கேட்டு ஏனைப் பிள்ளைகள் நகைத்தனர், கேட்கக் கூடியோர். ஏட்டில் இல்லாதவன் குரல் ஆதலின் அதனைக் கணக்கில் கொள்ளவில்லை.

பின் காது கேளாதார் பெயரை அழைத்தேன். பதினறுவரும் என் முகத்தையே நோக்கி அமர்ந்திருந்தனர். மும்முறை விரல் நொடித்தேன். அதனை ஒரு கைச்சொல் என அவர்கள் கொண்டனர் போலும். முன்வரிசையில் இருந்த கொற்றி என்னும் பத்து வயதுப் பெண், தானும் மும்முறை விரல் நொடித்து எனக்கு மறுமொழி தந்தாள். அவளைக் கண்டு ஏனையோரும் நொடித்தனர். வந்த விருந்தினர் தம் மொழியில் பேசுகிறார் என்னும் மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் இருந்தது. பதினாறு பெயர், பதினாறு முறையும் நொடித்தனர். பதினாறு பெயருக்கும் இலர் என எழுதினேன்.

நா தளர்ந்த அறுவருள் நால்வர், நான் மூன்றாம் நொடியை நொடித்தபின் தம் சொல்லை முடித்தனர். அறிவு மெல்ல மலர்வாருள் இருவர் அழுதனர். அழுகையை விடையாகக் கொள்ள ஆணையில் இடமில்லை. நாற்பத்தொருவரும் என் கண்முன் இருக்க, பதினைவர் என்று எழுதி முத்திரை வைத்தேன்.

எழினியார் மிக்க மரியாதையுடனேயே என்னிடம் கூறினார். அழைத்தால் குரல் கொடுக்கும் பிள்ளைகளாக இவர்கள் இருந்திருந்தால் பெற்றோர் இங்கே ஏன் கொண்டுவந்து விடப்போகிறார்கள் என்றார். கண்காணியார் நல்ல பள்ளியில் கற்றவர் என்று கேள்விப்பட்டதாகவும், அங்கே விரலால் எண்ணக் கற்பித்தார்களா காதால் எண்ணக் கற்பித்தார்களா என்று அறிய விரும்புவதாகவும் சொன்னார். ஆணையில் ஐயம் எழுந்தால் நாற்பது நாளுக்குள் பேரமைச்சர்க்கு எழுதி விளக்கம் பெறலாம் என்னும் விதியை மட்டும் எடுத்துரைத்து, அவ்வாறே எழுதுவதாக வாக்களித்தேன்.

எழுதவும் செய்தேன். தங்கள் பெயருக்கு முன் வரவேண்டிய பட்டங்களின் வரிசை பிழையோ என்று ஐயுற்று, அவ்வோலையைக் கிழித்து வேறெழுதினேன். இரண்டாவதில் வாழ்த்து குறுகிவிட்டது எனத் தோன்றிற்று. மூன்றாவதில், ஆணை என்னும் சொல்லுக்கு அருகே ஐயம் என்னும் சொல் வந்தது அடாது என மனத்தில் பட்டது. நான்காவது குற்றமற அமைந்தது. அதனை அனுப்பத் தூதனைத் தேடிய அன்று நாற்பத்திரண்டாம் நாள். காலம் கடந்த ஓலை தங்களுக்குத் தொல்லை தரும் என்று எண்ணிப் பெட்டியில் வைத்தேன். இப்போதும் அது அங்கேயே இருக்கிறது. மிக அழகிய ஓலை.

பங்குனியில் நெல் நின்றது. எழினியார் தம் வளையலை விற்றுப் பன்னிரண்டு நாள் கஞ்சி வார்த்தார். பின் பிள்ளைகள் தத்தம் ஊருக்குத் திரும்பினர். மற்ற மூன்று ஆசிரியரும் பிழைப்புத் தேடிப் பிரிந்தனர்.

கொற்றி, சுண்ணாம்பு சுடும் காளவாய் நடத்தும் வேளான் என்பவரின் ஒரே மகள். பள்ளி மூடியபின் தந்தைக்குச் சோறு கொண்டு செல்வாள். சித்திரை இருபதாம் நாள் நண்பகலில், காளவாய்க்குச் செல்லும் மேட்டுப் பாதையின் இறக்கத்தில், பின்னே வந்த உப்பு வண்டி அவள்மேல் ஏறிற்று. அங்கேயே இறந்தாள். வண்டிக்காரர் ஓடவில்லை, அன்றே தாமே ஊரவைக்கு வந்து நின்று, மும்முறை கூவினேன், அப்பெண் திரும்பவே இல்லை என்று அழுது கூறினார். அவர் கூறியது பொய்யன்று.

இந்நாட்டு வழிச்சட்டத்தின்படி, காது கேளார்மேல் வண்டி ஏறினால் பிழை வண்டியோட்டியது. கேட்பவர் கேட்டும் விலகாவிடில் பிழை அவரது. ஆகவே அப்பெண் கேட்பவளா என ஊரவையார் வினவினர். ஊரில் அவளை அறியாதார் இலர். ஆயினும் அரசுப் பேரேடு இருக்க ஊரார் வாய்ச்சொல் செல்லாது என்பதால் பேரேட்டைக் கொணரச் சொன்னார்கள். என்னிடமிருந்த அதன் படியைக் கொணர்ந்தவன் அடியேன். வடகரைக் கூற்றத்தில் காது கேளாதார் உளரா என்று கேட்டார்கள். ஏட்டின்படி இலர் என்றேன். அதற்குமேல் ஒரு சொல் சொல்ல வாயெடுத்தேன், கேட்டதற்கு மட்டும் விடை சொல்லும்படி அவைத்தலைவர் பணித்தார், பணிந்தேன். கேட்டும் அழைப்பை மதியாது இறந்தாள் என்று ஊரேட்டில் எழுதினார்கள்.

மறுநாள் வேளான் என் இல்லத்துக்கு வந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைகூப்பி நின்று, ஐயா பெரிய எழுத்து எழுதுகிறவர், ஐயா எழுதியபின் என் பிள்ளைக்குக் காது கேட்கிறதாம், பத்து வருடம் கோயில் கோயிலாக நடந்தும் நடவாதது இது, அதனால் நேற்று மாலை மண் போடுமுன் நானும் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்தேன் என்றார். பிறகு, அவள் திமிர் பிடித்தவள் அல்லள், எவரையும் மதியாதவள் அல்லள், அந்த ஒரு வரியை மட்டும் மாற்றித் தரவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டுப் போனார். அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் வருகிறார். வாயிலில் நிற்கிறார்.

ஊரேட்டின் வரி மாறவேண்டுமானால் பேரேட்டின் வரி மாறவேண்டும். பேரேட்டைத் திருத்தும் உரிமை தங்களுக்கு மட்டுமே உண்டு. ஆடித் திங்கள் முதல் நாள் அது அரக்கு முத்திரையிட்டு மூடப்பட்டு மூன்றாண்டு திறவாதிருக்கும். இடையே இருப்பன பதினான்கு நாள். ஆகவே, பொய் எழுதிய கண்காணியாக அடியேனைத் தண்டித்து, அத்தண்டனையையே காரணமாகக் காட்டிப் பேரேட்டைத் திருத்தியருள வேண்டுகிறேன். ஆணையைப் பிழையெனச் சொல்ல அவைக்கு மனம் ஒவ்வாதாயின், பிழை முழுதும் என்மேல் எழுதுக. அதற்கு உடன்பட்டுக் கீழே கைச்சாத்து இட்டிருக்கிறேன். காது கேளாதார் பதினறுவர் உளர் எனவும், அவருள் கொற்றி ஒருத்தி இருந்தாள் எனவும் எழுதப்படவேண்டும்.

கல் நடுவது பற்றி: கல்தச்சர் சென்ற கிழமையே வந்து பள்ளி முற்றத்தில் தங்கியிருக்கின்றனர். எதை வெட்டுவது என்று நாள்தோறும் என்னைக் கேட்கின்றனர். தங்கள் கட்டளை வரும்வரை காத்திருக்கச் சொல்லியுள்ளேன்.

இவ்விண்ணப்பத்தில் பட்டங்களின் வரிசை பிழைபட்டிருக்கலாம், வாழ்த்து குறைந்திருக்கலாம். இம்முறை திருத்தி எழுதவில்லை. இதனை எடுத்துச் செல்வோர் இடையில் எங்கும் தங்காது செல்க. வாயில் காப்போர் தடுக்காது விடுக. கண்காணிக்குரிய ஆவிரம்பூ முத்திரையைக் கடைசி முறையாக இதன்மேல் ஒற்றி, அம்மோதிரத்தையும் இவ்வோலையுடன் சேர்த்துக் கட்டி அனுப்பினேன். இவை மருதன் சேந்தன் எழுத்து.

தாங்கள் கேட்டருளிய விவரம், தை ஒன்பது முதல் இந்நாள் வரை:

நலம் பெற்ற பிள்ளைகள், இல்லை.

ஏட்டினின்று நீங்கிய பிள்ளைகள், இருபத்தறுவர்.

பள்ளியினின்று நீங்கிய பிள்ளைகள், நாற்பத்தொருவர்.

வாழ்விழந்த ஆசிரியர், நால்வர்.

மூடிய பள்ளி, ஒன்று.

எழினியார் அமைத்த கைச்சொற்கள், அறுநூற்று எழுபது, பேசுவாரின்றி.

தத்தன் கற்ற சொல், ஒன்று. இப்போது அழைத்தாலும் சொல்வதில்லை.

வேளான் இழந்த மக்கள், ஒருத்தி.