எங்கள் காதில் விழவில்லை

சிவாஜிநகர்,
3-6-2024

என் பார்கவிக்கு,

இங்கே என் காதைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஒரே ஊரில் இருந்துகொண்டு கூரியரில் கடிதம் அனுப்பிக்கொள்ளும் இரண்டு கிழவிகள் பெங்களூரில் நாம் மட்டும்தான் இருப்போம். என்ன செய்ய? வைட்ஃபீல்டிலிருந்து நீ கிளம்பி இங்கே வந்து சேர்வதற்குள் எனக்குப் பசி வந்து, சாப்பிட்டு, தூக்கமும் வந்துவிடும். போனில் பேசினால் நீ சொல்வதில் பாதி கேட்பதில்லை, மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேன்.

‘தோழி’ அத்தியாயம் கிடைத்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்காக அகப்பாட்டின் மாந்தர்களைப் பற்றி நாம் சேர்ந்து எழுதும் புத்தகத்தில் தலைவி எனக்கு, தோழி உனக்கு என்று பிரித்துக்கொண்டதே தப்பு போலிருக்கிறது. உன் தோழி என் தலைவியை ஏறி மிதிக்கிறாள்.

அந்தத் தேர்மணிப் பாட்டையே எடுத்துக்கொள். வேறொருத்தி வீட்டுக்குப் போயிருந்தவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். தோழி வழிமறித்து, ‘ஊரனே, உன் தேர்மணி எங்கள் காதில் விழவில்லை, போய் வா’ என்கிறாள். வாயில் மறுத்தல், சரி. ஆனால் இதைத் தோழியின் சொந்தத் தீர்ப்பு என்று எழுதியிருக்கிறாயே, அது எப்படி? ‘என்’ காதில் என்றா சொல்கிறாள்? ‘எங்கள்’ என்கிறாள். அப்படியென்றால் தலைவி கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறாள். அவள் கண்ணைக் காட்டிய பிறகுதான் இவள் வாயைத் திறக்கிறாள். அந்த ஒரு சொல்லை நீ பார்க்கவே இல்லை.

நேற்று கேஸ் சிலிண்டர் போடுகிறவர் பெல் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இதற்காகத்தான் உன்னிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். என்றாவது நான் விழுந்து கிடந்தால் நீ திறந்துகொண்டு வரலாம். பூட்டை மாற்று என்று நீ மறுபடி எழுதாதே. டெரிக் என்னை விட்டுவிட்டு அந்த ஓசூர்க்காரியிடம் போகும்போது எடுத்துப் போன சாவி அவரிடமே இருக்கட்டும். நாலு வருடம் ஆயிற்று. பூட்டு என்ன சோறா கேட்கிறது?

உன் பவுலி


வைட்ஃபீல்ட்,
15-6-2024

அடி பவுலி,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மகன் ஆபீஸ், மருமகள் ஆபீஸ். நான் பதினோராவது மாடியில் உட்கார்ந்து உன் திட்டை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ என்ன சொன்னாலும் அந்தப் பாட்டில் தலைவி கதவுக்குப் பின்னால் இல்லை. உள்ளே எங்கோ படுத்துக் கிடக்கிறாள். அழுது அழுது அவளுக்கு நிற்கவே முடியாது. அவள் மெலிந்ததையும், கை வளை கழன்று விழுந்ததையும் பார்த்தது யார்? தோழி. அப்படிப் பார்த்தவளுக்கு ‘எங்கள்’ என்று சொல்ல உரிமை இல்லையா? கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டுமா? கேட்டால் தலைவி இளகிவிடுவாள், மறுபடி அவனை உள்ளே விடுவாள், மறுபடி அவன் போவான். தோழி அதைத் தடுக்கிறாள். அவ்வளவுதான்.

நீ கிடந்த கிடப்பை நான் பார்த்திருக்கிறேன் பவுலி. அந்த முதல் ஆறு மாதம் உனக்கு ரசம் சாதத்தை ஊட்டிவிட்டது நான்தான். ஸ்டாஃப் ரூமில் முப்பது வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவள், சாக்பீஸைக்கூடப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாய்.

ஒன்று கேட்கிறேன், பாட்டுக்காகத்தான் கேட்கிறேன். ஒருவேளை டெரிக் வந்து நின்றால் என்ன செய்வாய்? கண்ணைக் காட்டுவாயா, கதவைத் திறப்பாயா?

பதில் எழுது.

உன் பார்கவி


சிவாஜிநகர்,
24-6-2024

என் பார்கவிக்கு,

பாட்டுக்காகக் கேட்கிறாளாம்! உன்னை எனக்குத் தெரியாதா?

இந்தக் கேள்விக்கு ஒரு வாரம் யோசித்தேன். முதலில் நன்றாகத் திட்டுவேன். ‘அந்த ஓசூர்க்காரி வீட்டுல சோறு தீந்துபோச்சா’ என்று கேட்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். பிறகு, ‘செருப்பை அங்க விடாதீங்க, நாய் தூக்கிட்டுப் போயிடும்’ என்பேன். அவ்வளவுதான் பார்கவி. திறந்துவிடுவேன். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. முப்பது வருடம் வகுப்பில் தலைவியின் மானத்தைப் பற்றிப் பேசிய வாய் இது.

ஆனால் அவர் வரவில்லையே. வாசலுக்கு வந்தவனைத்தான் மறுக்க முடியும். வராதவனைப் பற்றிப் பழைய பாட்டில் துறை எதுவும் இல்லை, நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

நீ ஊட்டிவிட்ட ரசம் சாதத்தை நான் மறக்கவில்லை. அதற்காகத்தான் உன் அத்தியாயத்தில் இன்னும் கை வைக்காமல் இருக்கிறேன்.

உன் பவுலி


வைட்ஃபீல்ட்,
2-7-2024

பவுலி,

கடிதம் கிடைத்தது. என் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிடு, மாற்றி எழுத வேண்டும். நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த ஞாயிறு வருகிறேன். சர்ச்சில் பூசை முடிந்து நீ வீட்டுக்கு வந்திருப்பாய் அல்லவா?

பார்கவி


சிவாஜிநகர்,
31-7-2024

என் பார்கவிக்கு,

ஞாயிறு வருகிறேன் என்றாய், வரவில்லை. மூன்று ஞாயிறு உனக்கும் சேர்த்துச் சமைத்தேன். பிறகு டெரிக்கின் அடக்கத்துக்குத்தான் வந்தாய். கல்லறையில் அவ்வளவு நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அந்தக் கை இல்லையென்றால் நான் அந்தக் குழியிலேயே விழுந்திருப்பேன்.

நேற்று அவருடைய அக்கா ஜூலியா வந்திருந்தாள். சந்தாபுராவில் அவள் வீட்டில்தான் அவர் ஒரு வருடமாக இருந்தாராம். அந்த ஓசூர்க்காரி அவரை எப்போதோ கைவிட்டுவிட்டாள். ஈரல் கெட்டுப்போயிருந்தது. சொல்லியிருக்கலாமே என்றேன். ‘சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான் பவுலி’ என்று அழுதாள். என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்திச் சொன்னாள், பாவம்.

அவருடைய சட்டைப் பையில் இருந்தது என்று எங்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

பார்கவி, அவர் வந்திருக்கிறார். ஜூன் மாதம் ஒரு நாள் மத்தியானம் நம் வாசலில் நின்று பெல் அடித்திருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. என் காது போனது அவருக்குத் தெரியாது, அவர் போன பிறகுதானே போயிற்று. கையில் சாவி இருந்தும், நான் திறந்தால்தான் உள்ளே வருவேன் என்று நின்றிருக்கிறார். பிறகு தனக்காக என்னிடம் பேசச் சொல்லி யாரையோ பார்த்துவிட்டு வந்தாராம். ‘அவ தொறக்க மாட்டாளாம்க்கா’ என்று ஜூலியாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தவர்தான், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

யாரைப் பார்த்தார் என்று ஜூலியாவிடம் சொல்லவில்லையாம். யாராக இருக்கும்? நான் திறக்க மாட்டேன் என்று அவரிடம் சொல்ல யாருக்கு என்ன உரிமை? உனக்கு ஏதாவது தெரியுமா? இந்த ஊரில் உன்னை விட்டால் அவருக்கும் எனக்கும் பொதுவாக யார் இருக்கிறார்கள்?

நீ வா. வந்து என் பக்கத்தில் கொஞ்சம் உட்கார். தனியாக இருக்க முடியவில்லை.

உன் பவுலி


வைட்ஃபீல்ட்,
6-8-2024

பவுலி,

என்னைத்தான் பார்த்தார்.

ஜூன் பதினொன்று. கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் செய்தான். ‘டெரிக் அந்த பந்திதாரெ மேடம், களிஸ்லா?’ டெரிக் என்று ஒருவர் வந்திருக்கிறார், மேலே அனுப்பட்டுமா என்று கேட்டான். ‘பேடா, நானே பர்த்தீனி’, வேண்டாம், நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். உள்ளேகூட விடவில்லை. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

இளைத்திருந்தார். வெயிலில் அலைந்த இளைப்பு என்று நினைத்தேன். நோய் என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ‘பெல் அடிச்சேன் பார்கவி, அரை மணி நேரம் நின்னேன். உள்ள ஃபேன் ஓடுது, அவ நடக்கறது ஜன்னல்ல தெரியுது. தொறக்கல. நீங்க சொன்னா கேப்பா’ என்றார்.

அவளுக்குக் காது கேட்காது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நீ சுவரோரம் சுருண்டு கிடந்த அந்த ஆறு மாதம் கண் முன்னால் வந்து நின்றது. ‘அவ தொறக்க மாட்டா. எங்களுக்கு நீங்க வேண்டாம், போயிட்டு வாங்க’ என்றேன். ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலே வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். நாலு நாள் கழித்து எழுதியதுதான் அந்தப் பதினைந்தாம் தேதிக் கடிதம். நீ ‘திறக்க மாட்டேன்’ என்று பதில் எழுதுவாய், என் மனசு ஆறும் என்று நினைத்தேன். திறப்பேன் என்று எழுதினாய். அந்த ஞாயிறு உன் தெருமுனை வரை ஆட்டோவில் வந்தேன் பவுலி. இறங்கத் தைரியம் வரவில்லை. அவரைத் தேடவாவது செய்திருக்கலாம். எங்கே இருக்கிறார் என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

உன் மேல் இருந்த பாசத்தில்தான் செய்தேன். அதைச் சொன்னாலும் குற்றம் குறைந்துவிடாது, தெரியும். என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

பார்கவி


சிவாஜிநகர்,
29-8-2024

பார்கவிக்கு,

உன்னைத் திட்ட வேண்டும் என்று நாலு முறை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. அவர் வந்தால் திட்டலாம் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்படியே கிடக்கிறது, அதில் உனக்கென்று எடுத்துக் கொடுக்க மனமில்லை.

நீ பாசத்தில் செய்தாய் என்பதை நம்புகிறேன். அதனால்தான் தாங்க முடியவில்லை. பகையில் செய்திருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பேன்.

நான் ஜன்னலில் நடந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். அன்று மத்தியானம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். உன் அத்தியாயத்தைத்தான் மறுபடி வாசித்துக்கொண்டிருந்தேன். கையில் தாளை வைத்துக்கொண்டு, ‘எங்கள்’ என்ற சொல்லுக்குச் சான்று தேடி, வீட்டுக்குள் இப்படியும் அப்படியும் நடந்திருக்கிறேன். நான் பார்த்துவிட்டும் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே அவர் போய்விட்டார். இனி யார் போய் அவரிடம் சொல்வது?

பாட்டைப் பற்றி நீ சொன்னதுதான் சரி, நான்தான் தப்பு. தலைவி கதவுக்குப் பின்னால் இல்லை. அவளை யாரும் கேட்கவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உன் அத்தியாயத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை, இத்துடன் வைத்திருக்கிறேன். என் ‘தலைவி’யும் உள்ளே இருக்கிறது. புத்தகத்தை உன் பெயரில் மட்டும் போட்டுக்கொள். என் பெயர் வேண்டாம்.

நீ நாலு வருடமாகச் சொன்னபடி பூட்டை மாற்றிவிட்டேன். நேற்றுதான் ஆள் வந்து போட்டுவிட்டுப் போனான். டெரிக்கின் சாவியை அவருடைய பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். உன்னிடம் இருக்கும் சாவி இனி இந்தக் கதவுக்குச் சேராது, அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

நீ வந்து பெல் அடித்தால் எனக்குக் கேட்காது. அது உனக்குத் தெரியும்.

பவுலின்