அடித்த வரிகள்

ஆகஸ்ட் 14, வியாழன்

கல்லூரி நாடகத்துக்கு ராஜா உடை எடுக்க பிரிக்ஃபீல்ட்ஸில் வசந்தியின் கடைக்குப் போனேன். நாடக, நடன உடைகளை வாடகைக்கு விடுகிறவள். அவள் கிரீடம் தேடும் நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து என் ஆய்வேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் நானூறு வருடத்துக்கு முந்தைய லண்டன் நாடகக் கம்பெனி ஒன்றின் உடைப் பதிவேடு. பாதி வரிகளைக் குறுக்கே அடித்திருந்தார்கள்.

"என்ன டீச்சர், என் நோட்டு மாதிரியே இருக்கு?"

அடித்ததெல்லாம் விற்றுத் தீர்த்த உடைகள், கம்பெனி நொடித்துப்போனதற்கு அதுதான் சாட்சி என்று விளக்கினேன். இரண்டு வருடமாக அப்படித்தான் எழுதி வருகிறேன்.

வசந்தி சிரித்துவிட்டாள். "விக்கல லா டீச்சர். வாடகைக்குப் போனது திரும்பி வந்திருச்சு, அதான் அடிச்சிருக்காங்க. அடிக்காம கிடந்தாத்தான் தலைவலி." தன் நோட்டைத் திறந்து காட்டினாள். பக்கம் முழுக்க அடித்த வரிகள். "இது போன தீபாவளி. நல்ல பிசினஸ்."

அந்தப் பழைய கையெழுத்தில் ஓர் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. எனக்கு எல்லா எழுத்தும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் பதிவேட்டை மறுபடி புரட்டினேன். கறுப்பு வெல்வெட் அங்கி நான்கு பக்கங்களில் வருகிறது, நான்கிலும் அடித்திருக்கிறது. நான்கு அங்கிகள் என்று எண்ணியிருந்தேன். ஆனால் நான்கு இடத்திலும் இடது கையில் கிழிசல் என்ற குறிப்பு இருக்கிறது.

அத்தியாயத்தை நாளை மேற்பார்வையாளருக்கு அனுப்ப வேண்டும். நன்றியுரையில் வசந்தியின் பெயரை முதலில் சேர்த்துவிட்டு, அத்தியாயத்தின் வரிகளைக் குறுக்கே அடித்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனி நொடிக்கவே இல்லை. நான்தான் நொடிக்க வைத்திருந்தேன்.