பிளாட்பாரத்தில் நின்ற சிவப்புக் கோட்டுக்காரி

மாலக்கி,

அடுப்பில் ஆட்டுக்கறி ஸ்ட்யூ இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு. நான் லாங்ஃபோர்டில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கோபித்துக்கொண்டு இல்லை. சரி, கொஞ்சம் கோபித்துக்கொண்டுதான்.

எப்போதோ மூடிப்போன நம் ஊர் ரயில் பாதையைப் போலவே மூன்று வருடமாக நீ செய்துவரும் பொம்மை ரயிலை நேற்று உன் கிளப் நண்பன் ஃபின்டன் குனிந்து பார்த்தான். "டேய், பாலினமோர் ஸ்டேஷன்ல நிக்கறது உன் வீட்டம்மாவேதான்!" என்று சிரித்தான். அப்புறம்தான் நானும் பார்த்தேன். நகத்தளவு பொம்மை. என் சிவப்புக் கோட்டு, இடுப்பில் கை, திறந்த வாய். நீ மட்டும் நீராவி எஞ்சினில் டிரைவராக ஜம்மென்று நிற்கிறாய். "அது யாரோ பேசஞ்சர்மா" என்று சொன்னபோது உன் காது சிவந்துவிட்டது.

காலையில் இருவரையும் இடம் மாற்றிவிட்டேன். இனி எஞ்சினை நான் ஓட்டுகிறேன். நீ பிளாட்பாரத்தில், சந்தைக்குப் போகிற பன்றிக்கூண்டுக்குப் பக்கத்தில் காத்திரு.

என்னைப் பெயர்த்தபோது பிளாட்பாரமும் கூடவே வந்துவிட்டது. இவ்வளவு பசை போட்டா என்னை ஒட்டிவைத்தாய்? அதில் மட்டும் மனசு கொஞ்சம் இளகிவிட்டது.

அசம்ப்டா

பி.கு.: நாலு மணிக்கு ஃபின்டன் போட்டோ எடுக்க வருகிறான்.

இன்னொன்று: பிளாட்பாரத்து ஓட்டையை மசித்த உருளைக்கிழங்கால் அடைத்து, ஜல்லிக்கு மிளகு தூவியிருக்கிறேன். நாயை உள்ளே விடாதே. அது ஸ்டேஷனைத் தின்றுவிட்டால் ஃபின்டனிடம் சொல்: "நிஜ ஸ்டேஷனையே 1959லயே மூடிட்டாங்களே!"