சிலோன் டப்பாவில் ஒட்டிய காகிதம்

மன்னார்புரம், திருச்சி
12.9.1961

நம்ம செல்லக்கிளியோட அப்பாவுக்கு வீரம்மாள் கும்பிட்டு எழுதுறது. முழங்கால் வலி குறைஞ்சுதா? பேத்தி ஒழுங்காச் சாப்பிடுறாளா? எனக்கு அசதிதான், வேற ஒண்ணுமில்லை. ஸ்ரீரங்கம் இவ்வளவு பக்கத்துல இருந்தும் ஒரு நாள்கூடப் போகத் தெம்பில்லை.

போன வாரம் கம்பெனியில ஒரு கூத்து. சிலோனுக்குப் போன பூச்சிமருந்து டப்பாவெல்லாம் திரும்பி வந்துடுச்சு. இங்கிலீஷ் காகிதம் மட்டும் போதாதாம், சிங்களமும் தமிழும் வேணுமாம். மூணு நாளா உட்கார்ந்து ஒட்டினேன். ஒட்டும்போதே எழுத்துக்கூட்டிப் படிச்சேன். வெறுங்கையால தொடக்கூடாது, கலக்குன பாத்திரத்துல சமைக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு. கத்திரிச்செடிக்குன்னு நீங்க இங்க சத்திரம் பக்கத்துக் கடையில வாங்கிட்டுப் போனதும் இதே மருந்துதான்.

மேஸ்திரி நசுருதீன்கிட்ட, "நம்ம ஊர் டப்பாவுல ஏன் தமிழ் இல்லை?"ன்னு கேட்டேன்.

"அங்க கேக்குறாங்க, ஒட்டுறோம். இங்க யாரும்மா கேக்குறா?"

"நான் கேக்குறேனே, காது அடைச்சுப் போச்சா?"

சிரிச்சுக்கிட்டே ஒரு காகிதம் கொடுத்தார். இதோட வச்சிருக்கேன். உங்க அண்ணி கையில கொடுத்துடாதீங்க. முப்பது வருஷம் முன்னாடி நான் படிச்சுக்கிட்டிருந்த பேப்பரைப் பிடுங்கி அடுப்புல போட்டவ அவ. நீங்களே படிங்க.

மருந்து கலக்கிட்டுக் கழுவி வைக்கிற அலுமினியச் சட்டியிலதானே பேத்திக்குப் பால் காய்ச்சுறீங்க? அதை இன்னைக்கே குழிதோண்டிப் புதைச்சுடுங்க.

என் கை லேசா எரியுது, பயப்படாதீங்க. சுத்திக்க உங்க பழைய வேட்டி ஒண்ணு கொடுத்தனுப்புங்க. துவைக்காட்டியும் பரவாயில்லை.

கம்பெனிச் சங்கு ஊதிடுச்சு, வேலைக்குப் போறேன். சட்டியைப் புதைச்சாச்சுன்னு கார்டு வந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்.

வீரம்மாள்